ஆடுற வளையமும் அமலோற்பவமும்

ஒரு ஊர்ல ஒரு படகு இருந்துச்சு. கப்பல்னு நெனச்சுக்காத. குட்டியூண்டு பாய்மரப் படகு. ரெண்டு பேர் உக்காந்தா, மூணாவதா ஒரு நண்டு உக்காரலாம். அம்புட்டுத்தான் எடம்.

அந்தப் படகு ஒரு அக்கா தங்கச்சியோடது. அக்கா பேரு அமலோற்பவம், தங்கச்சி பேரு கித்தேரி. அக்கா பின்னால உக்காந்து சுக்கானப் புடிப்பா. தங்கச்சி முன்னால உக்காந்து பாய்க்கயித்தப் புடிப்பா. நண்டு வலை போட்டு, நண்டு புடிச்சு, வித்து, சோறு திம்பாங்க. ம் கொட்டு.

"ம்."

ஆனா ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க.

"ஏன்?"

கித்தேரிக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை அக்கரைக்காரன், சந்தியாகுன்னு பேரு. கித்தேரி வந்து அக்காகிட்டச் சொன்னா. அமலோற்பவம் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. "படகுக்கு ரெண்டு பேர் வேணும்ட்டி"ன்னா. "அப்போ உனக்குப் படகுதான் பெருசு"ன்னா கித்தேரி. அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு.

பேசாம எப்படிப் படகு ஓட்டுறது? அதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. படகுகிட்டப் பேசுவாங்க.

"ஏ படகே, கயித்த இழுக்கச் சொல்லு அவள."

"ஏ படகே, இழுத்தாச்சுன்னு சொல்லு."

படகு ஒண்ணும் சொல்லாது. ஆனா வேலை நடந்துச்சு.

அப்போ ஒருநாள், படகு முன்பக்கம் மேல் பலகையில ஒரு வளையம் இருக்கும்ல, பாய்க்கயிறு கோக்குற வளையம், அது ஆட ஆரம்பிச்சுது. லொட லொட, லொட லொட. அந்த வளையம் கழண்டா பாய் கைய விட்டுப் போயிடும். பாய் போனா படகு கவுந்துடும்.

"ஏ படகே, உன் வளையம் ஆடுதே, கயிறு புடிக்கிறவ பாக்கக் கூடாதா?"ன்னா அக்கா.

"ஏ படகே, பாக்குறதுக்குக் கண்ணு அவளுக்குந்தான் இருக்குன்னு சொல்லு."

அப்புறம் அமலோற்பவமே திருப்புளிய எடுத்தா. வளையத்துல இருந்த ஸ்க்ரூவ எல்லாம் கிறீச் கிறீச்சுனு இறுக்குனா. நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் நடுக்கடலுக்குப் போனா, லொட லொட.

அப்புறம் கித்தேரி வந்தா. ஸ்க்ரூவக் கழட்டி, ஓட்டையில தீக்குச்சியா ஒடிச்சுச் சொருகுனா. அது மேல குங்கிலியப் பிசினக் காய்ச்சி ஊத்துனா. திரும்ப இறுக்குனா. அசைச்சுப் பாத்தா, அசையவே இல்ல. அக்கா காதுல விழுற மாதிரி, "படகே, வேலைன்னா இது"ன்னா.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்புறம் ரெண்டு பேரும் கடலுக்குப் போனாங்க. காத்து வந்துச்சு பாரு, ஊ...ன்னு! பாய் பொம்முனு ஊதுச்சு. கயிறு விறைச்சுது. டொய்ங்! வளையம் பிச்சுக்கிட்டுப் பறந்து, அக்கா காத ஒரசிக்கிட்டுப் போயி, கஞ்சிச் சட்டிக்குள்ள விழுந்துச்சு. பாய் படபடபடன்னு அடிச்சுது. படகு ஒரு பக்கமாச் சாஞ்சுது. கித்தேரி தொபுக்குனு தண்ணிக்குள்ள போயிட்டா.

அமலோற்பவம் சுக்கான விட்டா. பாய்ஞ்சா. கைக்கு எட்டுனது சடைதான். புடிச்சு ஒரே இழுப்பு. கித்தேரி உள்ள வந்து விழுந்தா. இருமி இருமித் தண்ணியத் துப்பிட்டு, மொதல்ல சொன்னது என்ன தெரியுமா?

"படகே, சடைய விடச் சொல்லு."

அக்கா விட்டா. பாயச் சுருட்டிட்டு, துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தாங்க. கித்தேரி சேலையப் பிழிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அமலோற்பவம் மட்டும் மணல்லயே உக்காந்திருந்தா. தங்கச்சி ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தா சடை எட்டியிருக்காது. அதையே நெனச்சுக்கிட்டிருந்தா. இதே படகுலதான் கித்தேரி கல்யாணத்துக்கு அக்கரை போகணும். ஆடுற வளையத்த வச்சுக்கிட்டு அவளக் கொண்டுபோக முடியுமா?

அப்புறம் மறுநாள் வெள்ளனயே படகுகிட்ட வந்தா. மேல் பலகைக்கு அடியில, ஒரு ஆள் தவழ்ந்து போற அளவுக்கு எடம் இருக்கும். ஒரே இருட்டு, ஒரே நண்டு நாத்தம். அதுக்குள்ள நுழைஞ்சா. வளையம் இருந்த எடத்த அடியிலேருந்து வெரலால அமுக்குனா. வெரல் உள்ள போயிடுச்சு! டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி பலகை ஊறிப் போயி கெடந்துச்சு. அப்புறம் ஸ்க்ரூ எங்க நிக்கும்? நீயே சொல்லு.

"நிக்காது."

ஊறுனத எல்லாம் சுரண்டி எடுத்தா. அங்க நல்ல பலகை வச்சு அடைச்சா. அதுக்கு அடியில ஒரு கெட்டிப் பூவரசங்கட்டைய முட்டுக் குடுத்தா. ஸ்க்ரூ வேணாம்னு நீள நீளமா போல்ட்டு வாங்கிட்டு வந்தா. வளையத்து வழியா மேலேருந்து போல்ட்ட எறக்கி, கட்டைக்குக் கீழ நட்டப் போட்டு முறுக்கணும். அப்படிப் போட்டா யானை இழுத்தாலும் வராது.

ஆனா பாரு, கீழ நட்ட முறுக்குனா மேல போல்ட்டும் சேந்து சுத்துது. மேல போயி போல்ட்டப் புடிச்சா, கீழ முறுக்க ஆள் இல்ல. கீழ வந்தா, மேல புடிக்க ஆள் இல்ல. மேல போனா, கீழ வந்தா, மேல போனா. கடைசியா கீழ படுத்துக்கிட்டு, ஒரு கால மட்டும் வெளிய நீட்டி, கால் வெரலால போல்ட்டப் புடிக்கப் பாத்தா. கால் எட்டல. இடுப்புதான் புடிச்சுக்கிச்சு.

அப்போ மேல பலகையில தொம்முனு ஒரு சத்தம். கித்தேரி வந்து உக்காந்திருந்தா.

"படகே, நான் மேல புடிக்கவான்னு கேளு."

"படகே, புடிக்கச் சொல்லு."

கித்தேரி போல்ட்டுல திருப்புளிய வச்சா. அக்கா ஸ்பேனரால முறுக்குனா. கிறீச்.

"படகே, நழுவுதுன்னு சொல்..."

"ஏட்டி, இறுக்கிப் புடி!"

அவ்வளவுதான். அக்கா வாயிலேருந்து நேராவே வந்துடுச்சு.

"புடிச்சிருக்கேன்க்கா. நீ முறுக்கு."

கிறீச். கிறீச். அமலோற்பவத்துக்கு மேல இருக்கிறவ மூஞ்சி தெரியல. மேல இருக்கிறவளுக்கும் அக்கா மூஞ்சி தெரியல. அதுவும் நல்லதாப் போச்சு.

"சந்தியாகு நல்லவனாட்டி?"

"நல்லவன்தான்."

"கைய கிய ஓங்குவானா?"

"அவனா? உசுரோட இருக்கிற நண்டப் பாத்தாலே ரெண்டடி தள்ளி நிப்பான்."

அக்கா அடுத்த நட்டப் போட்டா. அதையும் முறுக்கி முடிச்சா. அப்புறம் சொன்னா, "அப்போ கட்டிக்கோ. நல்லா இரு. நேத்து நீ தண்ணிக்குள்ள போனப்போ எனக்குப் படகு ஞாபகமே வரலட்டி."

அக்கா அடியிலேருந்து பலகையத் தட்டுனா.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன். போல்ட்டு ஈரமாயிடுச்சு, தொடைக்கிறேன்."

படகு கரையில கெடந்துச்சு, மழையும் இல்ல.

"ம்..."

அப்புறம் கல்யாணத்தன்னைக்கு, பட்டுச்சேலையும் மல்லியப்பூவுமா கித்தேரி முன்னால உக்காந்து கயித்தப் புடிச்சா. காத்து பலமா அடிச்சுது. வளையம் இம்மியும் அசையல. போற வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசுன பேச்சு, யப்பா! அந்தப் படகு அப்படிக் கேட்டதே இல்ல. கோயில்ல தாலி கட்டி, விருந்து முடிஞ்சு, கித்தேரி அக்கரையிலேயே இருந்துட்டா. அமலோற்பவம் பாயப் பாதி எறக்கி, ஒரு கையில சுக்கான், ஒரு கையில கயிறுன்னு, மெல்ல மெல்லத் தனியா வந்து சேந்தா.

ஊர்க்காரங்க கேட்டாங்க, "தனியாவா ஓட்டிட்டு வந்த?"

"ஆமா."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு."

சொல்லிட்டு வீட்டுக்குப் போனா. பாய விரிச்சா, படுத்தா, தூங்கிட்டா.

கதையும் கரையேறிடுச்சு. நீயும் கண்ண மூடு.