அறுபத்து மூன்று டிகிரி

"நாலு மாசமா வர்றேன். இன்னும் ஒரு குழாய்கூட நீங்க அறுக்கலை" என்றார் தெய்வநாயகம்.

நஸ்ரின் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். மேட்டுப்பாளையத்தில் மலை சைக்கிள்களுக்கு ஃபிரேம் கட்டுகிறவள். ஓட்டுகிறவரின் உடம்பை அளந்துதான் கட்டுவாள். அவரைவிடப் பதினைந்து வயது சிறியவள்.

"ஃபோர்க் எத்தனை டிகிரி சார்?"

"அறுபத்து மூணு."

"போன தடவை அறுபத்தஞ்சு சொன்னீங்க."

"அதுக்கப்புறம் ஒரு தடவை விழுந்தேன்."

"அதுக்கு முன்னாடி அறுபத்தேழு."

"அதுவும் விழுந்துட்டு வந்து சொன்னதுதான்."

"இப்படியே சாய்ச்சுக்கிட்டுப் போனா நீங்க குன்னூர்ல இருப்பீங்க, முன் சக்கரம் மேட்டுப்பாளையத்துல இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. முப்பது வருடம் சர்வேயராக இருந்தவர். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைச் சாய்க்கச் சாய்க்க முன் சக்கரம் தள்ளி நிற்கும், இறக்கத்தில் குப்புறத் தள்ளாது. தாளில் வரைந்தே கொண்டுவந்திருந்தார்.

"தோள்ல தகடு வச்சிருக்கு. இன்னொரு தடவை விழுந்தா சைக்கிளை மறந்துடணும்னு டாக்டர் சொல்லிட்டார். உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

"எந்தத் தோள்?"

"இடது."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். அதுக்கென்ன இப்போ?"

அவள் அவருடைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். சக்கரங்களைக் கழற்றி, பிரேக் பேடுகளை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

பின் பேட் இரும்புவரை தேய்ந்திருந்தது. முன் பேட் அப்போதுதான் வாங்கியது போல இருந்தது.

"குப்புற விழுறவன் முகத்துல விழுவான் சார். நீங்க பக்கவாட்டுல விழுறீங்க. பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்குது. முன் பிரேக்கை ஏன் தொடறதே இல்லை?"

"தொடக் கூடாது. தூக்கி எறிஞ்சிடும். சைக்கிள் கத்துக் கொடுத்தப்பவே எங்கப்பா சொன்னது."

"உங்கப்பா எந்த மலையில இறங்கினார்?"

"அவரைப் பத்திப் பேசாதீங்க."

அவள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்துப் பின் பிரேக் கேபிளை நறுக்கினாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"பட்டறைக்குப் பின்னாடி ஒரு சரிவு இருக்கு. முழுக்கப் புல்லுதான். இறங்குங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."

"பொம்பளைன்னு பார்க்கிறேன்."

"பார்க்காதீங்க."

தாளைக் கிழித்துப் போட்டார். சைக்கிளைத் தரதரவென்று சரிவுக்குத் தள்ளிப் போனார். கோபத்தில் ஏறினார். கோபத்திலேயே இறங்கினார்.

சைக்கிள் வேகமெடுத்தது. பழக்கத்தில் பின் பிரேக்கை அழுத்தினார். கேபிள் அறுந்த பிரேக் பிடி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது.

முன் பிரேக்கில் ஒரு விரல் வைத்தார். இன்னொரு விரல்.

வண்டி முன்பக்கம் அமுங்கியது. உடம்பு தானாக இருக்கைக்குப் பின்னால் போயிற்று. குதிகால் தாழ்ந்தது. கைகள் நீண்டன.

சரிவின் நடுவில் நின்றுவிட்டார்.

கூடவே ஓடி வந்த நஸ்ரின் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலை ஊன்றாதீங்க. அப்படியே இருங்க, இந்த நிலையிலதான் அளவெடுக்கணும்."

"உன்னை என்ன செய்யறேன் பாரு."

"அப்புறம் செய்யுங்க."

இடுப்பில் செருகியிருந்த டேப்பை எடுத்தாள். ஒரு முனையை அவர் விரல்களுக்கு அடியில் நுழைத்து, மறுமுனையைத் தோளுக்கு இழுத்தாள்.

அவர் மூச்சு வாங்கினார். தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"டேப் தொய்யுது" என்றார். "இறுக்கிப் பிடிங்க."