புளி அபிஷேகம்

முன்னொரு காலத்தில் பவழக்கரை நாட்டைக் கோதைவர்மன் என்ற ராஜா ஆண்டார். ஆண்டார் என்பதைவிட, பாடாய்ப் படுத்தினார் என்பதே சரி.

முத்துக்குளிக்கும் சாத்தன் கடலடியிலிருந்து ஒரு வெண்கலப் பெட்டியை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தான். உள்ளே பல் பல்லாகச் சக்கரங்கள், முகப்பில் சூரியன், சந்திரன், பாம்பு. கைப்பிடியைத் திருப்பினால் எல்லாம் சுழன்றன. எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத பொருளைக் கண்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பொட்டு வைத்துவிட்டார்கள்!

தொடங்கி வைத்தவர் அரண்மனைச் சோதிடர் ஆதிச்சர். வானத்தைப் பற்றித் தன்னைத் தவிர வேறு எது பேசினாலும் அவருக்கு வயிறு எரியும். தினமும் பால், நெய், சந்தனம். நாற்பதாம் நாள் கைப்பிடி அசையவில்லை.

“சாத்தன் இதன் உயிரைத் திருடிவிட்டான், அரசே!” என்றார் ஆதிச்சர்.

“அவனைப் பிடித்துக் கட்டி வையுங்கள்! பௌர்ணமிக்குள் இது சுற்றாவிட்டால் அவன் தலை போகும்!” என்றார் ராஜா.

மந்திரி நன்மாறனார் தலையில் அடித்துக்கொண்டார். “அரசே, அது வெறும் பிசுக்கு. கழுவினால்...”

“சாமியைக் கழுவுவதா? அபிஷேகம் தவிர எதுவும் கூடாது!” என்றார் ராஜா.

“அப்படியே ஆகட்டும். புளி அபிஷேகம் செய்கிறேன்.”

“அது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?” என்று துள்ளினார் ஆதிச்சர்.

“நீர் பால் ஊற்றிய சாஸ்திரத்தில், அடுத்த பக்கம்.”

நான்கு குடம் புளிக்கரைசல் உள்ளே போனது. கைப்பிடி சுற்றியது. சாத்தன் அழுதேவிட்டான்.

“சுற்றுகிறது, சரி. எதற்குச் சுற்றுகிறது? அதையும் சொன்னால்தான் சாத்தனுக்கு விடுதலை” என்றார் ராஜா. மந்திரிக்கு வேலையை விட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

ஆனாலும் பொறுமையாக, போன சந்திர கிரகணத்தன்று வானத்தில் இருந்தபடியே முகப்பின் சூரியனையும் சந்திரனையும் பாம்பையும் நிறுத்தினார். அங்கிருந்து நாள் நாளாகத் திருப்பினார். வரும் பௌர்ணமிக்கு வந்ததும் சந்திரன் மறுபடி பாம்பின் வாய்க்குள் போய் நின்றது.

“வரும் பௌர்ணமி மாலை கிரகணம், அரசே. இது அதைச் சொல்லும் கருவி.”

“பொய்! என் பஞ்சாங்கத்தில் இல்லை. அன்றைக்குத்தான் அரசரின் பிறந்தநாள் விருந்துக்கே நாள் குறித்திருக்கிறேன்!”

பௌர்ணமி வந்தது. இலை போட்டாயிற்று, பாயசமும் விட்டாயிற்று. நிலா எழுந்தது, ஓரம் கடிபட்டு. கிரகணத்தில் யார் சாப்பிடுவது? ராஜா பாயசத்தைப் பார்த்தபடி வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்.

“ஆதிச்சரே, இனி தினமும் நீரே இந்தச் சக்கரங்களைப் புளி போட்டுத் துலக்கும்!” என்று கத்தினார். சாத்தனுக்கு விடுதலையும் ஒரு புதுப் படகும் கிடைத்தன.

பிறகு ராஜா மந்திரியைக் கட்டிக்கொண்டார். “இவரைப் போல ஒரு மூளை உண்டா! உட்கார வைத்துப் பொட்டு வைத்து, பாலும் நெய்யும் ஊற்றுங்கள்!”

“ஐயோ, வேண்டாம் அரசே!” என்று அலறினார் நன்மாறனார். “நாற்பது நாளில் நானும் நின்றுபோவேன்!”