கரிச்சானின் வால் பிளந்த காலை

பருந்தும் புறாவும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த காலத்தில் கரிச்சான்குருவிக்கு இரட்டை வால் கிடையாது. விரித்த விசிறிபோல அகலமான ஒற்றை வால். இருட்டு முழுசாகக் கலையும் முன்பே எழுந்து, அதைக் கோதி மினுக்கிய பிறகுதான் மற்ற வேலை பார்க்கும்.

கண்மாய்க்கரையில் ஒரு பனை நின்றது. அதன் உச்சியில் பருந்து குடியிருந்தது. கரையோர மரங்களில் யார் கூடு கட்டினாலும் கூட்டுக்கு ஒரு குஞ்சு அதற்கு. இந்த வழக்கத்தை யார் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பருந்து வந்து கிளையில் இறங்கும். தாய்ப்பறவை கொஞ்சம் தள்ளிப் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான்.

கரிச்சானின் கூட்டுக்குப் பருந்து வந்த அன்று, கரிச்சான் வேறு பக்கம் பார்க்கவில்லை. நேரே பாய்ந்து அதன் பிடரியில் கொத்தியது. யாரும் அப்படிச் செய்து பழக்கமில்லாததால் பருந்து திகைத்துப் பறந்துவிட்டது.

அன்று சாயங்காலமே மைனாக்களும் மாங்குயில்களும் தவிட்டுப்புறாவும் கரிச்சானைச் சுற்றிக் கூடின. படை சேர்ந்தது.

முதல் சண்டையில் படை தோற்றுப் போனது. புதருக்குள் பதுங்கி, பருந்து தண்ணீர் குடிக்க இறங்கும்போது சத்தமில்லாமல் எழும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லாரும் அப்படித்தான் எழும்பினார்கள். புறா மட்டும் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்தது. பருந்து திரும்பிவிட்டது. மூத்த மைனாவின் தம்பி முன்னால் போயிருந்தது; அதை அங்கேயே அடித்துப் போட்டது.

"இதையெல்லாம் சேர்த்துக்கிட்டுப் படை நடத்துறீங்களா, பந்தி நடத்துறீங்களா?" என்று மூத்த மைனா கத்தியது. "எழுந்தா ஊருக்கே கேக்குது! தள்ளி வைங்கண்ணே இந்தப் புறாவை."

 புறாவின் கூட்டில் கண் திறக்காத குஞ்சுகள் இரண்டு இருந்தன. படை கைவிட்டால் பருந்து முதலில் வருவது அந்தக் கூட்டுக்குத்தான்.

"நான் மெதுவாத்தான் எழுந்தேன், அண்ணே. என் சிறகு அப்படி. நான் என்ன செய்யட்டும்?"

கரிச்சான் மைனாவைப் பார்த்தது. "உன் தம்பி செத்தது என்னாலதான். என்னை மாதிரியே எல்லாரும் எழும்புவாங்கன்னு நினைச்சேன். இது எழும்பி ஒரு தரம்கூட நான் பார்த்ததில்லை. பார்க்காம படையில நிறுத்தினது என் தப்பு."



"எங்கே, இப்போ ஒருதரம் எழும்பு" என்று புறாவிடம் சொன்னது கரிச்சான்.

புறா எழும்பியது. கரை முழுக்க அந்தப் படபடப்பு கேட்டது. தூரத்தில் பனை உச்சியில் பருந்தின் தலை திரும்பியது.

"கேக்கட்டும்" என்றது கரிச்சான். "நாளைக்கும் இதே மாதிரி கேக்கணும். சத்தம் வர்ற பக்கம் அது வரும். நாம வெயிலுக்குள்ள இருந்து அது முதுகில இறங்குவோம்."

புறாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்போ என்னை இரையா வைக்கிறீங்க."

"ஆமா. உன்கிட்ட மறைக்க மாட்டேன். ஆனா அதோட நகம் உன்னைத் தொடுறதுக்கு முந்தி என்னைத் தொடும். நம்பிக்கை இல்லேன்னா நீ வர வேண்டாம், யாரும் உன்னை ஏச மாட்டாங்க."

"என் பிள்ளைங்க?"

"இனிமே உன் கூடு இருக்கிற மரத்திலதான் என் கூடும்."

புறா தன் மரத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தது. பிறகு, "காலையில எந்தக் கிளையில நிக்கணும்?" என்று கேட்டது.

விடிந்தது. வெயில் ஏறியதும் கரைமேட்டிலிருந்து புறா எழும்பியது. "மறுபடியும் அதே புறாவா!" என்று சிரித்துக்கொண்டு பருந்து பனையை விட்டுக் கிளம்பியது. காற்று அதன் பக்கம் இருந்தது. நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டது. மைனாக்கள் இன்னும் தூரத்தில் இருந்தன. கொஞ்சம் பொறுத்தால் எல்லாரும் சேர்ந்து இறங்கலாம், ஜெயிப்பது உறுதி. ஆனால் புறா பிழைக்காது.

கரிச்சான் பொறுக்கவில்லை. "வாங்கடா!" என்று ஒரு கூச்சல். கல் விழுவதுபோல விழுந்து, பருந்துக்கும் புறாவுக்கும் நடுவில் புகுந்து, தன் அகல வாலைப் பருந்தின் முகத்துக்கு நேரே விரித்தது. பருந்துக்குக் கண் மறைந்தது. குருட்டாம்போக்கில் நகத்தை வீசி வாலின் நடுவைக் கவ்வியது. கரிச்சான் ஒரே இழுப்பில் பிய்த்துக்கொண்டு, திரும்பி, மறுபடி அதன் பிடரிக்கே வந்தது.

அதைப் பார்த்த பிறகு ஒருவரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மைனாக்களும் மாங்குயில்களும் வெயிலுக்குள்ளிருந்து கொட்டின. நகத்தில் சிக்கிய கறுப்பு இறகோடு பருந்து கண்மாயைத் தாண்டி, பனையையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணே, பனை உச்சி இனி உங்களுக்குத்தான்" என்றது மைனா. பின்னாலேயே, "ஆனா வாலுக்கு நடுவில ஆளைக் காணோமே!"

எல்லாரும் சிரித்தார்கள். கரிச்சான் தண்ணீரில் தன் வாலைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு, "பனை காலியாவே இருக்கட்டும். எனக்குக் கூடு கட்டற வேலை கிடக்கு" என்று சொல்லி, ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு புறாவின் மரத்துக்குப் போனது.

அந்தக் காலையிலிருந்துதான் கரிச்சானுக்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கிறது. எத்தனை பெரிய பருந்தானாலும் அதன் முதுகில் ஏறி விரட்டுகிறது. புறா இன்றும் படபடவென்று சத்தம் போட்டுத்தான் எழும்புகிறது. கரிச்சான் கூடு கட்டிய மரமாகப் பார்த்துத் தானும் கட்டுகிறது. அந்த மரத்தில் மட்டும் எந்தத் தாயும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.