நாலாவது தட்டு

"டீச்சர், எம் பேய் செத்துப்போச்சு."

சொல்லிக்கொண்டேதான் வடமலை நூலகத்துக்குள் நுழைந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஜெபக்கனி டீச்சர் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பேய்க்கு ஏது அண்ணாச்சி சாவு? குடையை வெளிய வச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தார்.

வடமலைக்கு அறுபது வயசு. வளரும் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை எழுதியே தலை நரைத்தவர். இதுவரை இருபத்து மூன்று நாவல். டீச்சருக்கு நாற்பத்திரண்டுதான். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஆனாலும் எட்டு வருஷமாக வடமலை எந்த நாவலையும் முதலில் இந்த மேஜையில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவார். டீச்சர் வெட்டச் சொன்னால் வாயைத் திறக்காமல் வெட்டுவார். குருவுக்கு வயசு என்ன, தாடி என்ன?

சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. வெளியே சாரல் விடாமல் அடித்தது.

வடமலை சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"எல்லாம் இதால வந்த வினை. நீங்கதான் அனுப்பி வச்சீக."

"பிள்ளை எழுதிக் கொடுத்துச்சு. அனுப்பினேன். வாசிங்க, கேப்போம்."

வாசித்தார்.

"ஐயா, உங்கள் நாவலைப் படித்தேன். எனக்குப் பயமே வரவில்லை. வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. மழையில் நனைய மாட்டார்களா? இப்படிக்கு, மா. இசக்கியம்மாள், ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு."

கடிதத்தை மேஜையில் போட்டார்.

"பாவமாம்! எம் புத்தகத்தைப் படிச்சிட்டு லைட்டை அணைக்காமப் படுத்த பிள்ளைக இருக்கு. அம்மை சேலையைப் பிடிச்சிக்கிட்டே கக்கூசுக்குப் போன பிள்ளைக இருக்கு. இவ ஒருத்தி பாவம்னுட்டா. அன்னையிலயிருந்து பேனாவைத் தொட்டா பேய் வரமாட்டேங்கு டீச்சர். கதவுகிட்ட வந்து சும்மா நிக்கி."

"நின்னா நிக்கட்டும்."

"நிக்கட்டுமா? நல்லாச் சொன்னீக. எனக்கு வேற என்ன தெரியும்? பெண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா நான் எதுக்கு?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க இருமினார்.

டீச்சர் பசைப் புட்டியைத் தள்ளி வைத்தார்.

"அண்ணாச்சி, முதல் அத்தியாயத்துல அம்மா எங்க போறா?"

"எந்த அம்மா?"

"பிள்ளைகளோட அம்மா. இருபத்து மூணு கதையிலயும் முதல் அத்தியாயத்துலயே பையைத் தூக்கிட்டு எங்கயோ போயிருதாளே."

"ஓ, அதுவா?" வடமலைக்கு முகம் தெளிந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டால் மனுஷனுக்கு உற்சாகம் வந்துவிடும். "கல்யாண வீட்டுக்குப் போவா. துட்டி கேக்க எழவு வீட்டுக்குப் போவா. தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு பாக்கப் போவா. எங்கயாவது அனுப்பிச்சிரணும் டீச்சர், அதுதான் தொழில் ரகசியம். அம்மைக்காரி வீட்டுல இருந்தா எந்தப் பேயாவது தலைகாட்டுமா? 'காத்துதான் அடிக்கு, பேசாமப் படு மூதி'ம்பா. கதை அதோட முடிஞ்சிரும்."

டீச்சர் சிரித்துவிட்டார்.

"சரி. எப்ப திரும்பி வருவா?"

"யாரு?"

"போனவதான்."

வடமலை யோசித்தார். விரல் விட்டுக்கூட எண்ணிப் பார்த்தார்.

"வரமாட்டா. அதுக்குள்ளதான் கதை முடிஞ்சிருதே."

"ஒரு கதையில கூடவா?"

"அவளை யாரு டீச்சர் தேடுதா?"

சொன்ன பிறகு அவருக்கே அது என்னவோ போலிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மூணாம் அத்தியாயத்துல யாரோ வந்து கதவைத் தட்டுதாகளே. அது யாரு?"

"பேய்."

"பாத்திருக்கீகளா?"

"யாரும் பாக்க முடியாது. பிள்ளைகதான் தொறக்கவே தொறக்காதே! அதுலதான் சூட்சுமமே இருக்கு. தொறந்துட்டா அப்புறம் என்ன பயம்?"

"எப்படித் தட்டும்?"

வடமலை விரல்முட்டியை மடக்கி மேஜையில் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

அந்தத் தட்டு அந்தச் சீமையில் பிரசித்தம். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினால் பிள்ளைகள் பெஞ்சில் தட்டும்.

"இதை எங்கயிருந்து பிடிச்சீக?"

"எங்கம்மை தட்டு." சர்வசாதாரணமாகச் சொன்னார். "எழுதுதவன் கையில ஆப்பிட்டதை எடுத்துக்கிடுவான்."

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். காத்திருந்தார்.

"எனக்குப் பதினோரு வயசு," என்று வடமலையே ஆரம்பித்தார். "எங்கய்யா மலைமேல எஸ்டேட்டு வேலையில. அம்மைக்கு வயித்துவலி. மாமா வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. இந்தா, இதே மாதிரி சாரல். போகும்போது சொன்னா, 'எய்யா, யாரு வந்து தட்டினாலும் தொறக்கப்பிடாது. நான் வந்தா மூணு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு ஒண்ணு தட்டுவேன். அப்பதான் தொறக்கணும், என்னா?'ன்னு. நான் கதவுக்குப் பின்னால பாயை விரிச்சு உக்காந்துட்டேன்."

"வந்தாகளா?"

"மறுநாள் மாமாதான் வந்தாரு. பின்வாசல் வழியா. அங்கயே காரியம் எல்லாத்தையும் முடிச்சிட்டாக. அவ வீட்டுக்கு வரவே இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லாதது ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்கிறேன்.

நாற்பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. பால்காரன் தட்டினாலும் சரி, தபால்காரர் தட்டினாலும் சரி, மூன்றாவது தட்டு விழுந்ததும் மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலாவதுக்குக் காத்திருப்பார். அது வராது. அப்புறம்தான் போய்த் திறப்பார். வந்து நிற்கிறவனைப் பார்த்ததும் காரணமில்லாமல் எரிச்சல் வரும். பாவி, நீயா என்று இருக்கும். அம்மாவைப் பார்க்க அவ்வளவு ஆசை. இந்த வயசிலும் அந்த ஆசை ஒரு துளி குறையவில்லை.

டீச்சர் எழுந்தார்.

"இருங்க, வாரேன். நான் வெளிய போனதும் கதவுக் கொண்டியைப் போட்டுக்கிடுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"போடுங்க."

டீச்சர் வெளியே போய் இரட்டைக் கதவைச் சாத்தினார். வடமலை கொண்டியைப் போட்டார். குரு சொன்னால் சொன்னதுதான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு சாத்தியதும் ஓட்டின்மேல் மழைச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது.

கதவு தட்டப்பட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அப்புறம் சத்தம் இல்லை.

வடமலைக்கு மூச்சு நின்றது.

"டீச்சர்?"

நாற்காலி நுனிக்கு வந்தார்.

"டீச்சர், விளையாடாதீக."

மழைதான் பெய்தது.

மேஜையில் அந்தப் பிள்ளையின் கடிதம் விரிந்து கிடந்தது. மழையில் நனைய மாட்டார்களா? அதற்குமேல் அவரால் வாசிக்க முடியவில்லை. கதவைத் திறக்காதே, திறக்காதே என்று இருபத்து மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இருபத்து மூன்று முதல் அத்தியாயத்திலும் ஒருத்தியைக் கையில் குடைகூடக் கொடுக்காமல் அனுப்பி வைத்தவரும் அவர்தான்.

நாலாவது தட்டு விழுந்தது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொண்டி கைக்கு அடங்கவில்லை. இழுத்தார், மறுபடி இழுத்தார். அறுபது வயசுக் கை பதினோரு வயசுக் கை மாதிரி அதோடு மல்லுக்கட்டியது.

கதவு இரண்டும் திறந்தன.

வாசலில் யாரும் இல்லை. நடை வராந்தாவின் கடைசியில், குழாயடியில், டீச்சர் கையில் ஒட்டின பசையைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வடமலையும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நிலைப்படியை விட்டு ஓர் ஆள் உள்ளே நுழைகிற அளவுக்கு விலகி நின்றார்.

"எம்மா, உள்ள வா," என்றார். "இப்படி நனைஞ்சிட்டியே."