தினமும் வந்த வாசகர்

இந்தக் கதையில் வரும் நால்வரில் ஒருவரும் மற்றவருக்குக் கெடுதல் நினைத்தவரில்லை. ஆனாலும் கடைசியில் ஒருவர் மனம் உடைந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

குமரிக் கடற்கரை ஊர் ஒன்றில் ஆக்னஸ் ஓர் இணையச் செய்தித்தளம் நடத்திவந்தாள். எழுதுவது அவள். விளம்பரத்தையும் வாசகர் எண்ணிக்கையையும் அவளுடைய சித்தி மகன் கிளீட்டஸ் கவனித்துக்கொண்டான். ஒரு புயலில் அவ்வூர் மீனவர்களான பெர்க்மான்சும் ஆன்றோவும் போன படகு கவிழ்ந்தது. பெர்க்மான்சின் உடல் கரை ஒதுங்கியது. ஆன்றோ கிடைக்கவேயில்லை. இருவரைப் பற்றியும் ஆக்னஸ் ஒரே பக்கத்தில் எழுதினாள்.

பெர்க்மான்சின் மனைவி ரெஜினா படம் கொடுக்கத் தயங்கினாள். கணவன் முகத்தை வைத்து யாரும் வியாபாரம் செய்துவிடக் கூடாது என்பது அவள் பயம். "இந்தப் பக்கத்துல விளம்பரம் வராது. வந்தா பக்கத்தையே எடுத்திருவேன்" என்று ஆக்னஸ் வாக்குக் கொடுத்தாள். ஆன்றோவின் தாய் பனியம்மாளோ கேட்பதற்கு முன்பே மகன் படத்தைக் கையில் திணித்தாள். அவன் இடது புருவத்தில் தழும்பு உண்டு, அதையும் எழுது என்றாள்.

பிறகு காலம் மாறியது. எதைக் கேட்டாலும் தேடுபொறியே நாலு வரியில் பதில் சொல்லத் தொடங்கியது. அந்த நாலு வரியும் யாரோ அலைந்து எழுதிய செய்தியிலிருந்து எடுத்ததுதான். ஆனால் பதில் கிடைத்தபின் செய்தியைத் தேடி யார் வருவார்கள்? வாசகர் குறைந்தார்கள், விளம்பரம் நின்றது. தளத்தை மூடிவிடலாமா என்று ஆக்னஸ் யோசித்த நேரத்தில் கிளீட்டஸ் ஒரு விளம்பர நிறுவனத்தைப் பிடித்துவந்தான். பக்கத்திலுள்ள சொற்களைப் பார்த்து மென்பொருளே விளம்பரத்தைத் தேர்ந்து போடும். எந்தப் பக்கத்துக்கும் விலக்கு இல்லை என்பது நிபந்தனை. கையெழுத்துப் போடும்போது ஆக்னஸுக்கு ரெஜினாவின் நினைவு வராமல் இல்லை. அந்தப் பழைய பக்கத்தை இனி யார் திறக்கப்போகிறார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

திறந்தவள் ரெஜினாவின் மகள். அப்பாவின் படத்துக்குக் கீழே ஒரு குடும்பம் படகில் சிரித்துக்கொண்டிருந்தது. உல்லாசப் படகுச் சவாரிக்கான விளம்பரம். கடல், படகு என்ற சொற்களைக் கண்டு மென்பொருள் பொருத்தமாகத்தான் போட்டிருந்தது.

ரெஜினா அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "அக்கா, சொன்னதைச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக்னஸ் பக்கத்தை நீக்கப் போனபோது கிளீட்டஸ் தடுத்தான். அதுவரை சொல்லாத ஒன்றை அன்றுதான் சொன்னான். பனியம்மாள் ஒருநாள் வந்து, என் மகன் படத்தை யாராவது பார்க்கிறார்களா என்று கேட்டிருக்கிறாள். எண்ணிக்கைக் கருவியில் பார்த்தால், மேற்குக் கரையின் தூரத்துத் துறைமுக நகரம் ஒன்றிலிருந்து யாரோ தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தார்கள். ஆறுதலாக இருக்கட்டும் என்று அதைச் சொல்லிவிட்டான். அது தன் மகன்தான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அன்றிலிருந்து தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் வழியில், "இன்னைக்கும் வந்தானா மக்ளே?" என்று அவள் கேட்பதும் வந்தாச்சு என்று இவன் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. இந்தப் பக்கம் போய்விட்டால் மகன் எங்கே வருவான் என்று கேட்பாளே என்றான் கிளீட்டஸ்.

இதில் இன்னொன்றும் இருந்தது. கேரளத்து மருத்துவமனை ஒன்றின் பிணவறையில், அந்தப் புயலுக்குப் பின் ஒதுங்கிய அடையாளம் தெரியாத உடல் ஒன்று கிடந்தது. மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் கொடுக்கும்படி அதிகாரிகள் பனியம்மாளைக் கேட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு ரத்தம் என்று அவள் மறுத்துவிட்டாள். யாரும் வராவிட்டால் விரைவில் அநாதையாகப் புதைத்துவிடுவார்கள்.

ஆக்னஸ் அந்த வருகைகளைத் துருவிப் பார்த்தாள். வந்தவர் ஒருநாள்கூடப் படத்தைத் திறக்கவில்லை. எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் போயிருந்தார். தளத்தின் தொழில்நுட்பக்காரர்களிடம் விசாரித்தாள். பதில் சொல்லும் அந்தத் தேடுபொறிக்காகப் பக்கம் பக்கமாகப் படித்துச் செல்லும் மென்பொருள் அது என்றார்கள். அதன் கணினிகள் அந்தத் துறைமுக நகரத்தில் இருந்தன.

கிளீட்டஸ் ஒரு வழி சொன்னான். பழைய பக்கத்தை எடுத்துவிடலாம். ஆன்றோவுக்கு மட்டும் தனிப்பக்கம் போடலாம். உங்கள் மகன் இப்போது அங்கே வருகிறான் என்று கிழவியிடம் சொல்லிவிடலாம். ரெஜினாவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், பனியம்மாளின் உயிரும் நிற்கும்.

ஆக்னஸ் கேட்கவில்லை. பனியம்மாளின் வீட்டுக்குப் போய் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, தினமும் வர்றது ஆள் இல்ல. மெஷின்."

பனியம்மாள் கேட்டாள்:

"மெஷினுக்கு எனக்க மவன் எதுக்கு மக்ளே?"

ஆக்னஸ், பிணவறையில் கிடக்கும் உடலைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆக்னஸ் எழுந்து வந்து பழைய பக்கத்தை நீக்கினாள்.

ஒரு தாய் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கையைக் கிளீட்டஸ் காப்பாற்றப் பார்த்தான். ஆக்னஸ் அதை உடைத்தாள். இருவரில் யார் செய்தது சரி?

விடை: ஆக்னஸ் செய்ததே சரி. அந்த நம்பிக்கை பனியம்மாளோடு மட்டும் நின்றிருந்தால் கிளீட்டஸின் பொய்யை மன்னித்துவிடலாம். ஆனால் பேசமுடியாத ஒருவன் தன்னை அழைத்துப்போக ஆள் வருமா என்று பிணவறையில் கிடந்தான்; அந்தப் பொய் அவனுக்கான வழியை அடைத்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்ட அன்றே ரெஜினாவிடம் போய்ச் சொல்லாதது ஆக்னஸின் தவறு. அதை இந்தச் சரி அழித்துவிடாது. பனியம்மாள் ரத்தம் கொடுத்தாள். அது ஆன்றோதான். ஊர்க் கல்லறையில் பெர்க்மான்சுக்குப் பக்கத்தில் அவனை அடக்கம் செய்தார்கள். பனியம்மாள் இப்போதும் பூசை முடிந்து அந்த அலுவலக வழியாகத்தான் போகிறாள். ஆக்னஸ் வாசலில் நின்றால், தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுகிறாள்.