வலை கட்டாத பக்கம்

தென்காசிக்கு மேற்கே, மலைக்காற்று இறங்கி வருகிற வழியில் வடிவம்மையின் குடில் இருந்தது. மூச்சைக் கவனித்து உட்காரச் சொல்லித் தருவார். வயது நாற்பதுதான். சீடர் சட்டநாதனுக்கோ எழுபது ஆகிறது. அணையும் பாலமும் கட்டி ஓய்வு பெற்ற இன்ஜினியர். அவர் இவரை "அம்மா" என்பார். இவர் அவரை "அண்ணாச்சி" என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்கள் இருவருக்கும் இல்லை.

குடிலுக்குக் கிழக்கே சட்டநாதன் ஒரு தியான மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோமதி கண்மூடியது ஒரு தைப்பூசத்தன்று. வருகிற தைப்பூசத்தில் அம்மா அந்த மண்டபத்தில் உட்கார வேண்டும், கோமதியின் நினைவாக. அந்த ஆசைதான் அவரைத் தினமும் காலையில் எழுப்பியது.

ஆனியில் ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது வடிவம்மை லேசாக இருமினார். அவ்வளவுதான். அன்றைக்கே மண்டபத்துக்கும் குடிலுக்கும் நடுவில் தூசியைத் தடுக்க ஆள் உயரத்துக்குமேல் பச்சை வலை கட்டியாகிவிட்டது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது, தூசி குடில் பக்கம் வராது என்று சட்டநாதனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அம்மாமேல் ஒரு பொட்டுத் தூசி படக்கூடாது. பிரியம் வந்துவிட்டால் இன்ஜினியரும் அப்பாவிதான்.

அன்று மாலை அவர் கேட்டார்.

"கோமதி போனதுல இருந்து மூச்சுல மனசு நிக்க மாட்டேங்குது. எப்பம்மா நிலைக்கும்?"

வடிவம்மை பச்சை வலையைப் பார்த்தார். "நாளைக்கு வேற இடத்துல உட்காருவோம், அண்ணாச்சி" என்றார்.

அருவிக்கரைக்குத்தான் கூட்டிப்போகப் போகிறார் என்று சட்டநாதன் நினைத்துக்கொண்டார். காலையில் பாயும் பிளாஸ்க்குமாகத் தயாராக வந்து நின்றார். வடிவம்மை வலையைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, கிழக்குத் தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பட்டப்பகலில் ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்திருந்தார்கள். அதை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள் முப்பிடாதி. உள்ளே அவளுடைய நாலு வயது மகள் கனிஷ்கா, அடுக்கி வைத்த தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"படுத்தா இழுக்கும்மா. உட்கார்ந்துக்கிட்டேதான் தூங்குதா."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்றார் சட்டநாதன்.

"மாஸ்க் வச்சு மருந்து கொடுத்தாங்க. கேக்கும். வீட்டுக்கு வந்தா மறுபடியும் இழுக்கும்."

"எப்பத்துல இருந்து?"

முப்பிடாதி தயங்கினாள். "அங்க கல்லு அறுக்க ஆரம்பிச்சதுல இருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சாமி காரியம். நாங்க என்னத்தச் சொல்ல?"

அதட்டிக் கேட்டிருந்தால்கூட அவருக்கு இப்படிச் சுருக்கென்று தைத்திருக்காது.

அந்த நேரம் பார்த்து வெளியே கல் அறுக்கும் மெஷின் அலறத் தொடங்கியது. ஓட்டுச் சந்து வழியாக வெள்ளைப் பொடி இறங்கியது. முப்பிடாதி ஓடிப்போய் ஈரத்துண்டைப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள். வடிவம்மை இருமினார்.

சட்டநாதன் பதறிவிட்டார். "அம்மா, நீங்க கிளம்புங்க. இந்தத் தூசி உங்களுக்கு ஆகாது."

"எனக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த பாயை வாங்கி விரித்தார்.

"பிள்ளைய மடியில வச்சுக்கிடுங்க. இன்னைக்கு இந்த மூச்சைக் கவனிங்க."

பிள்ளை அழாமல் வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள். எடையே இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி பள்ளமாகி மீண்டது. நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம். ஒன்று முடிந்ததும் அடுத்தது வருகிறதா என்று குனிந்து பார்த்தார். கோமதியின் கடைசி நாளில் அவள் கட்டிலருகே இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அன்றும் அவள் மூச்சைத் தவிர வேறு எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

"தாத்தா."

"என்னம்மா?"

"அந்த மெஷின் எப்பத் தூங்கும்?"

பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்து மண்டபத்துக்கு நடந்தார்.

மேஸ்திரி ஜெபமணி மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றான். சட்டநாதன் மூச்சுவிடாமல் சொன்னார். மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடு. லாரி வருகிற மண்பாதை காயக்கூடாது, தண்ணீர் அடித்துக்கொண்டே இரு. கல்லை நனைத்துத்தான் அறுக்கவேண்டும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். காற்று வேகமாக அடித்தால் மெஷினைத் தொடவே கூடாது.

"ஆடி கழியாம இந்தக் காத்து அடங்காதே, அண்ணாச்சி. அப்படிப் பார்த்தா தைப்பூசத்துக்கு வேலை முடியாது."

சட்டநாதன் பாதி உயரத்தில் நின்ற தூண்களைப் பார்த்தார். கண் கலங்கியது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"முடியாட்டாப் போகுது" என்றார்.

பிறகு குடில் பக்கம் போய்ப் பச்சை வலையின் முடிச்சுகளை அவர் கையாலேயே அவிழ்த்தார். அதை மண்டபத்துக்குக் கிழக்கே, தெருப் பக்கமாகக் கட்டிவிட்டு, பற்றாத இடத்துக்குப் புது வலையும் வாங்கிவரச் சொன்னார்.

அதன்பிறகு தினமும் காலைப் பாடம் முப்பிடாதி வீட்டில்தான் நடந்தது. இருவரும் போய் உட்காருவார்கள். பிள்ளை மடிக்கு வந்துவிடுவாள். வேறு பாடம் எதுவும் கிடையாது.

ஆடி பாதி கடந்திருக்கும். ஒருநாள் சட்டநாதன் சிமெண்டு இறக்கிவிட்டுத் தாமதமாக வந்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. வடிவம்மை முன்னாலேயே வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். தலையணைகள் மூலையில் கிடந்தன. பிள்ளை பாயில் மல்லாந்து படுத்து, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே முப்பிடாதியும் தூங்கிப்போயிருந்தாள். எத்தனை ராத்திரித் தூக்கமோ.

சட்டநாதன் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தார். விசில் இல்லை.

"அம்மா" என்றார், காதோடு காதாக.

"ம்."

"மண்டபம் தைப்பூசத்துக்கு முடியாது."

"ம்."

"கோமதிக்காக நினைச்சது. நடக்கல. மனசு கஷ்டமாத்தான் இருக்கு." மறுபடியும் பிள்ளையைப் பார்த்தார். "ஆனா மூச்சு நிலைச்சிருச்சும்மா."

வடிவம்மை பிள்ளையின் காலருகே விலகிக் கிடந்த போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

"யாரு மூச்சைச் சொல்லுதீங்க, அண்ணாச்சி?"

பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்க, தன் நெஞ்சும் அதே தாளத்தில் ஏறி இறங்குவதைச் சட்டநாதன் அப்போதுதான் கவனித்தார்.