கம்பத்தடியில் சொன்ன ஓகே

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தைந்து, சீடனுக்கு ஐம்பத்தொன்று. லைன்மேன் எபனேசரிடம் வேலை பழக வந்த பரமசிவம், அதுவரை மின்வாரிய அலுவலகத்தில் ஃபைல் தூக்கியவர். கம்பத்தை அண்ணாந்து பார்த்தாலே இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வார்.

அன்று காலை துணை மின்நிலையத்திலிருந்து போன் வந்தது. கரண்டை நிறுத்தியாயிற்று, ஓகே என்றார்கள்.

"ஓகேன்னா கம்பியத் தொடலாம்னுதான தம்பி அர்த்தம்?" பரமசிவத்துக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது.

"நீங்க ஆபீஸ்ல எதுக்கெல்லாம் ஓகே சொல்லுவிய, அண்ணாச்சி?"

"அதிகாரி டீ வாங்கச் சொன்னா ஓகே. ஏசினாலும் ஓகே. சொன்னது விளங்கலன்னாலும் ஓகேதான். வீட்ல அவ புதுச் சேலையக் காட்டுனா, நிமிந்து பாக்காமலே ஓகே."

எபனேசர் சிரிக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வரை போய் வந்தார். தோள்பை கனத்துத் தொங்கியது. போனைப் பரமசிவத்திடம் கொடுத்தார்.

"நான் இறங்கினப்புறம்தான் கரண்ட் விடச் சொல்லணும்" என்றுவிட்டுக் கம்பத்தில் ஏறினார்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. பேசியவர் பொறியாளர்.

"என்னய்யா, இன்னுமா முடியல? லைன விடலாமா?"

இருபத்தாறு வருடப் பழக்கம் லேசில் போகுமா? அதிகாரியின் குரல் கேட்டதும் பரமசிவத்தின் முதுகு தானாக வளைந்தது.

"ஓகே சார், ஓகே சார்."

போனை வைத்த பிறகுதான் சொன்னது உறைத்தது. திரும்ப அழைத்தார். எங்கேஜ்டு. மேலே எபனேசர் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

"தம்பி, கைய எடு!" என்று கத்த வாயைத் திறந்தார்.

அதற்குள் அடுத்த தெருவில் மாவு மில் ஓடத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. பரமசிவம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பாவி, கொன்னுட்டேனே! கம்பத்தடியிலேயே குந்திவிட்டார்.

யாரோ தோளைத் தொட்டார்கள். எபனேசர்தான். அவர் பையைத் திறந்து காட்டினார். இந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் மூன்று ஃபியூஸ் கட்டைகளும் உள்ளே கிடந்தன. அவற்றை மாட்டாமல் இந்தக் கம்பிக்குக் கரண்ட் வராது.

பரமசிவத்துக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும்.

"அப்போ என் வார்த்தைய நீ நம்பவே இல்லையா?"

எபனேசர் பையை மூடினார்.

"எனக்குத் தொழில் சொல்லித் தந்தவரு நம்புனாரு, அண்ணாச்சி. கட்டையப் பிடுங்காமலே ஏறிட்டாரு. அன்னிக்குக் கீழ நின்னு ஓகே சொன்னவன் நான்."